விழுந்தது ஒரு அடி பனிதான். பஃபலோ 1977-ஐ ஏன் இன்னும் பேசுகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவருடைய தம்பி அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறார். அங்கே அறுபது வயதைத் தாண்டிய யாரிடம் பேசினாலும் பேச்சு எப்படியோ 1977 பனிப்புயலில் போய் நிற்கிறதாம். அண்ணன் தேடிப் பார்த்ததில், அந்தப் புயலின்போது நகரத்தில் விழுந்த புதுப்பனி சுமார் 12 அங்குலம் என்று கிடைத்திருக்கிறது. 2001 டிசம்பர் கடைசியில் அதே ஊரில் ஒரு வாரத்துக்குள் கிட்டத்தட்ட 7 அடி விழுந்திருக்கிறது. அப்படியிருக்க ஒரு அடிக்கு ஐம்பது வருஷப் பேச்சா, ஊர்ப் பெருமைக்காக ஊதிவிட்டதா என்கிறார்.

ஊதிவிட்டது இல்லை. அந்த 12 அங்குலம் வானத்திலிருந்து விழுந்த கணக்கு மட்டும்தான். 1977 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 1 வரை பஃபலோவை மூடிய பனியில் பெரும்பகுதி ஏற்கனவே தரையில் கிடந்த பனி. பக்கத்து ஏரியின் மேல் வாரக்கணக்காகச் சேர்ந்திருந்ததைக் காற்று வாரிக்கொண்டு வந்து ஊருக்குள் கொட்டியது. விழுந்தது ஒரு அடி, குவிந்தது சில இடங்களில் 30 அடி. இரண்டும் உண்மை.

பஃபலோ நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது. டொராண்டோத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். நயாகராவைத் தாண்டி ஃபோர்ட் ஈரியில் பாலம் ஏறினால் அந்தப் பக்கம் பஃபலோ. ஈரி ஏரி மேற்கிலிருந்து கிழக்காகக் கிட்டத்தட்ட 390 கிலோமீட்டர் நீளம். மேற்கிலிருந்து வரும் குளிர்காற்று அந்த நீளம் முழுவதையும் தண்ணீரின் மேல் கடந்து வரும். தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருக்கும்போது காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, கரை ஏறியதும் பனியாகக் கொட்டும். அது ஊர் முழுக்கக் கொட்டுவதும் இல்லை, ஒரு பட்டையாக இறங்கும். 2014 நவம்பரில் நகரத்தின் தென்பகுதியில் 5 அடிக்கு மேல் விழுந்தபோது வடபகுதியில் சில அங்குலங்கள்தான். ஒரே ஊரில் ஒருவர் வாசற்கதவைத் திறக்க முடியாமல் கிடக்க, இன்னொருவர் சாதாரணமாகக் கடைக்குப் போய் வந்தார்.

இன்னொரு விஷயம், ஈரி ஆழமில்லாத ஏரி. சராசரி ஆழம் 19 மீட்டர்தான். ஐம்பெரும் ஏரிகளில் இதுவே ஆழம் குறைந்தது. அதனால் குளிர் கொஞ்சம் கெட்டிப்பட்டாலே மேற்பரப்பு உறைந்துவிடும். உறைந்த ஏரியிலிருந்து காற்றுக்கு ஈரம் கிடைக்காது, பனியும் அடங்கும். ஏரி உறைந்துவிட்டால் பஃபலோக்காரர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். தலைமுறை தலைமுறையாக அனுபவத்தில் கண்ட கணக்கு அது, பெரும்பாலான வருஷங்களில் சரியாகவும் இருக்கும்.

1976-77 குளிர்காலத்தில் அந்தக் கணக்குதான் காலை வாரிவிட்டது. ஏரி டிசம்பர் 14-ஆம் தேதியே உறைந்துவிட்டது. பதிவுகளில் அதற்கு முன் அவ்வளவு சீக்கிரம் உறைந்ததில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு நாள் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பனி விழுந்துகொண்டே இருந்தது. நகரத்துக்குள் ஜனவரி கடைசியில் தரைமேல் கிட்டத்தட்ட 3 அடி பனி நின்றது. அதே அளவில் ஏரியின் மேலும் சேர்ந்தது. அந்த ஏரியின் பரப்பு 25,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மரம் கிடையாது, வேலி கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. சாதாரணமாக நடுவில் ஒரு நாள் வெயில் அடித்து மேல்பனி உருகி மறுபடி உறைந்தால் ஏடு கட்டிவிடும், காற்றுக்கு அசையாது. அந்த ஜனவரியில் குளிர் விடவே இல்லை, ஏடும் கட்டவில்லை. கோலமாவு மாதிரி உதிரியாகவே கிடந்தது.

நகரமும் ஏற்கனவே களைத்துப் போயிருந்தது. ஒரு மாதமாக ஓயாமல் ஓடிய பனி தள்ளும் வண்டிகளில் கணிசமானவை பழுதாகிப் பணிமனையில் நின்றன. பல தெருக்களில் பழைய பனியே அள்ளப்படவில்லை. அத்தோடு அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் கிழக்குப் பாதி முழுவதும் இயற்கை எரிவாயுப் பற்றாக்குறை. வீடுகளுக்கு வெப்பம் வேண்டுமே என்று பள்ளிகளையும் ஆலைகளையும் மூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 20-ஆம் தேதிதான் ஜிம்மி கார்ட்டர் அதிபராகப் பதவி ஏற்றிருந்தார். பிப்ரவரி 2-ஆம் தேதி அவசர எரிவாயுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நெருக்கடி அந்த அளவுக்கு இருந்தது. ஆனால் அந்தப் பற்றாக்குறையால் ஒரு நன்மையும் நடந்தது. பஃபலோ பக்கம் பல பள்ளிகள் மூடியிருந்ததால் ஜனவரி 28 வெள்ளிக்கிழமை பிள்ளைகள் நிறையப் பேர் வீட்டில் இருந்தார்கள்.

அன்றைக்குக் காலை வழக்கமான காலைதான். குளிர் மைனஸ் 3 டிகிரி அளவில். பஃபலோவுக்கு அது சாதாரணம். எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். முற்பகலில் வானிலை மையம் பனிப்புயல் எச்சரிக்கை விட்டது. 11:30 மணியை ஒட்டி ஏரிப்பக்கமிருந்து வெள்ளைச் சுவர் ஒன்று வந்து நகரத்தின் மேல் மோதியது. நகர மையத்தின் உயரமான கட்டடங்களில் வேலை பார்த்தவர்கள், ஏரி தெரிந்துகொண்டிருந்தது, அப்புறம் எதிர்க் கட்டடமும் தெரியவில்லை என்பார்கள். நடுவில் நிமிடக் கணக்குதான். காற்றின் உச்ச வேகம் விமான நிலையத்தில் மணிக்கு 69 மைல், அதாவது சுமார் 111 கிலோமீட்டர். நாலு மணி நேரத்தில் வெப்பநிலை மைனஸ் 18-க்குச் சரிந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்த நிலை நள்ளிரவு தாண்டியும் நீடித்தது.

பனி வானத்திலிருந்து மெல்ல இறங்குவதை மட்டும் பார்த்தவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்வது சிரமம். அது கிடைமட்டமாக வரும். நீட்டிய கை தெரியாது. எது தரை, எது வானம் என்பது போய்விடும். நின்ற இடத்தில் இருந்தே தலை சுற்றும். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அப்போது இளைஞர், பெற்றோரோடு ஏரிக்கரைப் பக்கம் இருந்தார். அவர் எத்தனையோ சொல்வார், எனக்கு மனதில் நிற்பது ஒன்று. பின்கட்டுக் கதவின் சாவித்துளை வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்ததாம். சமையலறைத் தரையில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. அவருடைய அம்மா அதைக் கூட்டி அள்ளுவார், திரும்பிப் பார்த்தால் மறுபடி கோடு இருக்கும். கடைசியில் மெழுகுவர்த்தியை உருக்கித் துளையை அடைத்தார்களாம். அவ்வளவு நுண்ணிய பொடி. கார்களின் முன்மூடியைத் திறந்தால் எஞ்சின் தெரியாது. இண்டு இடுக்கெல்லாம் பனி திணிந்து கட்டியாகியிருக்கும். நடுத்தெருவில் அத்தனை வண்டிகள் அணைந்து நின்றதற்கு அது முக்கியமான காரணம்.

நகர மையத்தில் மட்டும் சுமார் 13,000 பேர் மாட்டிக்கொண்டார்கள். அலுவலகத்திலும் கடைகளிலும் தீயணைப்பு நிலையங்களிலும் மதுக்கடைகளிலும் இரவைக் கழித்தார்கள். ஊரின் நினைவில் அதிகம் பேசப்படுவது இந்தப் பகுதிதான். முன்பின் தெரியாதவர்கள் ஒரே தரை விரிப்பில் படுத்தது, தானியங்கி இயந்திரத்தில் இருந்த பிஸ்கட்டைப் பங்கு போட்டது, முதலாளியும் துப்புரவுத் தொழிலாளியும் இரண்டு நாள் சேர்ந்து சீட்டாடியது என்று கேட்கக் கேட்கக் கதைகள் வரும். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சிபி ரேடியோ பித்து; சாதாரண ஆட்களும் வண்டியில் வைத்துப் பக்கத்தில் இருப்பவர்களோடு பேசிக்கொள்ளும் வானொலிக் கருவி அது. லாரி ஓட்டுநர்களும் பொழுதுபோக்குக்காக வைத்திருந்தவர்களும் அதன் வழியாகச் செய்தி கடத்தினார்கள். ஸ்னோமொபைல் எனும் பனிமேல் ஓடும் சிறு வண்டி வைத்திருந்தவர்கள் கூப்பிடாமலே வந்து நின்று, செவிலியர்களை மருத்துவமனைக்கும் மருந்தை வீடுகளுக்கும் கொண்டுபோனார்கள். ரேடியோ நிலையங்கள் பாட்டை நிறுத்திவிட்டு, யார் எங்கே பத்திரமாக இருக்கிறார்கள் என்று வாசித்துக்கொண்டிருந்தன.

ஊர்க்காரர்கள் சொல்லும் கலைமான்களின் கதையும் பொய்யில்லை. பஃபலோ விலங்குக் காட்சிசாலையில் வேலி உயரத்துக்குப் பனி குவிந்துவிட்டது. மூன்று கலைமான்கள் அதன் மேல் ஏறி அப்படியே நடந்து வெளியே போய்விட்டன. ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லப்படும் கதை இதுதான். அதே காட்சிசாலையில் இருபதுக்கும் மேற்பட்ட விலங்குகளும் பறவைகளும் செத்துப்போனதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

நயாகரா ஆற்றுக்கு அந்தப் பக்கம், கனடாவில், எரிவாயுப் பிரச்சினை இல்லை. பள்ளிகள் திறந்திருந்தன. அதனால் அங்கே நினைவுகள் வேறு மாதிரி. ஒன்டாரியோவில் ஏரிக்கரையோரம் போர்ட் கோல்போர்ன், வெயின்ஃப்ளீட் பகுதிகளில் ஏறத்தாழ 2,000 பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். சில பள்ளிகளில் ஒரு இரவோடு முடியவில்லை. ஆசிரியர்கள் உடற்பயிற்சிக் கூடத்துப் பாய்களை விரித்துப் படுக்க வைத்தார்கள், சமையலறையில் இருந்ததை வைத்துச் சாப்பாடு போட்டார்கள். பஸ்களை நேரத்தோடு அனுப்பிவிடலாமா, பிள்ளைகளை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று அந்த மதியம் தலைமையாசிரியர்கள் எடுத்த முடிவைத்தான் நான் இந்தப் புயலின் பெரிய முடிவாக நினைக்கிறேன். வீட்டில் அம்மா அப்பா துடித்துக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்தும், பிள்ளையை வெளியே விடாமல் இருக்க நெஞ்சுரம் வேண்டும். அன்றைக்குப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. அவர்களில் பலருக்கு அது வாழ்நாளின் சந்தோஷமான இரவு. பெற்றோருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அவர்களும் பெற்றோர் ஆன பிறகுதான் புரிந்ததாம்.

இனி, ஊர் தாழ்ந்த குரலில் பேசும் பகுதிக்கு வருகிறேன். 1977 புயலில் இறந்தவர்கள் 29 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் 9 பேர் பனியில் புதைந்த கார்களுக்குள் கண்டெடுக்கப்பட்டார்கள். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவர்கள், வழியில் மாட்டியவர்கள். கார் நின்றுவிட்டால் குளிருக்கு எஞ்சினை ஓடவிடுவோம். பின்னால் புகைக்குழாயைப் பனி மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் திரும்பும். அதற்கு மணம் கிடையாது, தூக்கம் வருவது போல இருக்கும், அவ்வளவுதான். எஞ்சினை அணைத்தாலோ குளிர். வெளியே இறங்கி நடந்தாலோ பத்தடியில் திசை தப்பிவிடும். இதயநோய் இருப்பது தெரியாமல் மண்வாரி எடுத்துப் பனி அள்ளப் போய் விழுந்தவர்களும் அந்த 29-இல் உண்டு.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. நாம் கேட்கும் கதை எல்லாமே எங்கேயோ ஒரு கூரைக்குள் போய்ச் சேர்ந்தவர்கள் சொல்வது. அலுவலகத்தில் தங்கியவர், மதுக்கடையில் தங்கியவர், பள்ளியில் தங்கியவர். கதை சொல்ல அவர்கள்தான் மிஞ்சினார்கள். இரண்டு இடங்களுக்கு நடுவில் மாட்டியவர்களுக்கு அது சாகசம் ஆகவில்லை, அவர்கள் வீட்டுக்காரர்கள் அதை விருந்தில் உட்கார்ந்து சொல்லவும் மாட்டார்கள். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, எந்த ஊரிலும் இப்படித்தான் நடக்கும். ஆனால் ஐம்பது வருஷம் ஒரே பக்கத்துக் கதையை மட்டும் கேட்டு வளர்ந்தால், பனிப்புயல் என்றாலே அக்கம்பக்கத்தார் அன்பு, கூட்டாகச் சமாளித்தோம் என்பதுதான் மனதில் நிற்கும். பஃபலோவுக்கு 'நல்ல அண்டை வீட்டாரின் நகரம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அது பொருத்தமான பெயர்தான். ஆனால் அதற்குள் இந்த 9 பேருக்கு இடம் இல்லை.

மீட்பு வேலை தனிக் கதை. காற்றில் அடித்து வந்த பனி, மெல்ல விழுந்த பனியைப் போல இருக்காது. துகள்கள் மோதி மோதி உடைந்து நெருக்கமாக அடைந்துகொள்ளும். மேலே ஆள் நடந்தால் கால் புதையாது. பனி தள்ளும் வண்டி மோதினால் வண்டிதான் நிற்கும். மண் அள்ளும் பெரிய இயந்திரங்கள்தான் வேண்டியிருந்தன. அவற்றையும் இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது; ஒவ்வொரு குவியலுக்குள்ளும் கார் இருக்கலாம், காருக்குள் ஆள் இருக்கலாம். அதனால் முன்னால் ஆள்கள் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. மாநிலத்தின் துணை ராணுவமான நேஷனல் கார்டு வந்தது, வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக்கிலிருந்து ராணுவப் பொறியியல் பிரிவு வந்தது. அள்ளிய பனியைக் கொட்ட இடமில்லாமல் ரயில் பெட்டிகளில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பினார்கள். நகரத்தில் கார் ஓட்டத் தடை போட்டார்கள். மூடிக் கிடந்த கடைகளில் திருட்டும் நடந்தது, கைதுகளும் நடந்தன. இதுவும் ஊர்க் கதைகளில் அதிகம் வராது.

ஏரிக்கரையை விட்டு வடக்கே போனால் வாட்டர்டவுன் பக்கம் நிலைமை வேறு. அங்கே பக்கத்தில் இருப்பது ஒன்டாரியோ ஏரி. அது ஆழமானது, உறையவில்லை. எனவே அங்கே வானத்திலிருந்தே அடி அடியாகக் கொட்டியது. பால் வண்டிகள் பண்ணைக்கு வர முடியவில்லை. மாடு கறக்காமல் இருக்க முடியாது, கறந்ததை வைக்க இடமும் இல்லை. விவசாயிகள் பாலைக் கீழே ஊற்றினார்கள்.

பிப்ரவரி 5-ஆம் தேதி கார்ட்டர் இதைக் கூட்டாட்சி அரசின் பேரிடராக அறிவித்தார். பனிக்காக அப்படி அறிவித்தது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. அந்தப் பருவம் முடிந்தபோது பஃபலோவின் மொத்தப் பனிக் கணக்கு 199.4 அங்குலம், அதாவது 5 மீட்டருக்கு மேல். அதே மாநிலத்தின் சிராக்யூஸ் நகரத்தில் சராசரியாக பஃபலோவைவிட அதிகப் பனி விழும். ஆனாலும் நாட்டுக்கே பனி என்றால் பஃபலோ என்ற பெயர் நிலைத்துப் போனதற்கு இந்த ஒரு வாரமே காரணம். தொலைக்காட்சியில் பஃபலோவை வைத்து எத்தனையோ நகைச்சுவை வந்தது. ஊர்க்காரர்களுக்கு அது வலித்தது. அந்த வலியிலிருந்துதான் 'நாங்கள் இதைத் தாண்டியவர்கள்' என்ற பெருமையும் கிளம்பியது என்று நினைக்கிறேன். அந்தப் புயலை வைத்து ஒரு பலகை விளையாட்டுகூட விற்பனைக்கு வந்தது.

நினைவு சில இடங்களில் தடுமாறவும் செய்கிறது. தம்பியிடம் யாராவது ஒரு மேயர் கதையைக் கட்டாயம் சொல்லியிருப்பார்கள்: 'வீட்டுக்குள்ளேயே இருங்கள், ஒரு ஆறு-பியர் பெட்டியை எடுத்துக்கொண்டு நல்ல ஃபுட்பால் ஆட்டம் பாருங்கள்' என்று மேயர் சொன்னாராம். பலர் அதை 77-இல் சொன்னதாகவே நம்புகிறார்கள். சொன்னவர் ஜிம்மி கிரிஃபின், சொன்னது 1985 ஜனவரிப் புயலில். 1977-இல் மேயர் ஸ்டான்லி மகோவ்ஸ்கி. அவர் அந்த வருஷம் மறுபடி போட்டியிடவில்லை, நவம்பர் தேர்தலில் வென்றுதான் கிரிஃபின் வந்தார். ஒரு நல்ல வசனம் கிடைத்ததும், ஊர் அதைத் தன் பெரிய கதையில் சேர்த்துக்கொண்டது. அதே மாதிரி, வீட்டு மாடி ஜன்னல் வழியாக வெளியே நடந்தோம் என்பவர்கள் எல்லோரும் பொய் சொல்லவில்லை. காற்று ஒரு பக்கம் தரையையே துடைத்துவிட்டு மறுபக்கம் இரண்டு மாடி உயரத்துக்குக் குவிக்கும். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் நம்பலாம்.

இனி 2022 புயலுக்கு வருகிறேன். தம்பி போன புதிது என்றால் இது இன்னும் பக்கத்தில் இருக்கும் காயம் என்று அவர் தெரிந்துகொள்வது நல்லது. 2022 டிசம்பர் 23, அதுவும் வெள்ளிக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி வேலை நாள். இந்த முறை ஏரி உறையவில்லை, எனவே காற்றோடு சேர்ந்து வானத்திலிருந்தும் கொட்டியது. விமான நிலையத்தில் பதிவானது 51.9 அங்குலம். பனிப்புயல் நிலை 37 மணி நேரம் விடாமல் நீடித்தது. இறந்தவர்கள் 47 பேர். ஸ்மார்ட்ஃபோனும் செயற்கைக்கோளும் இருக்கும் காலத்தில், 77-ஐவிட அதிகம்.

இத்தனைக்கும் வானிலை மையம் நாள்கணக்காக முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது. தலைமுறைக்கு ஒருமுறை வரும் புயல் என்றே எச்சரித்தது. மாவட்டத்தில் வாகனத் தடை அந்த வெள்ளிக்கிழமை காலை 9:30-க்கு அமலுக்கு வந்தது. அதற்குள் காலை வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு. 77-இல் யார் செத்தார்கள் என்பதை ஊர் உரக்கப் பேசியிருந்தால், வேலைக்குப் போன பிறகு போடும் தடையால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியே இருந்திருக்காது. சாலையில் நின்ற வண்டிகளில் தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் சிக்கிக்கொண்டன. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்களிடம், வர முடியாது என்று சொல்ல வேண்டிய மணி நேரங்கள் இருந்தன. துணை மின்நிலையங்கள் உறைந்து மின்சாரம் போனது. வீட்டுக்குள்ளேயே குளிரில் இறந்தவர்களும் உண்டு.

நகரத்துக்குள் இறந்த 31 பேரில் 20 பேர் கறுப்பின மக்கள். பலர் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அங்கே சொந்தக் கார் இல்லாத வீடுகள் அதிகம், மளிகைக் கடை குறைவு, பழைய வீடுகளில் குளிரைத் தடுக்கும் காப்பு குறைவு. மூன்று நாள் சாமான் வாங்கி அடுக்கி வையுங்கள் என்று அறிவிப்பது சுலபம், கையில் அதற்குப் பணமும் நடக்கிற தூரத்தில் கடையும் வேண்டும். 'நாம் எல்லோரும் சேர்ந்து தாண்டினோம்' என்ற 77-இன் கதையில் அந்த வித்தியாசம் தெரியாது. 2022 அதை எண்ணிக்கையாகவே காட்டிவிட்டது.

அந்த அண்டை வீட்டு அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. 2022-லும் அது இருந்தது. பஃபலோவை ஒட்டிய சீக்டோவாகாவில் மாட்டிக்கொண்ட ஒருவர் ஒரு பள்ளிக்கூட ஜன்னலை உடைத்து, இருபதுக்கும் மேற்பட்டவர்களை உள்ளே கூட்டிப்போய்க் காப்பாற்றினார். போகும்போது, உடைத்ததற்கு மன்னிக்கவும் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். இன்னொரு புறநகரான வில்லியம்ஸ்வில்லில் தென்கொரியச் சுற்றுலாக் குழு ஒன்றின் வேன் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மண்வாரி கேட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த வீட்டுத் தம்பதி அவர்களை உள்ளே அழைத்து, கிறிஸ்துமஸ் வரை தங்க வைத்தார்கள். வீட்டுக்காரர்களுக்குக் கொரியச் சமையல் பிடிக்கும். கிம்ச்சி உட்பட எல்லாம் அலமாரியிலேயே இருந்தது. வந்தவர்கள் சமைத்தார்கள், எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். இந்தக் கதை உலகம் முழுக்கப் போனது. போக வேண்டிய கதைதான். அடுத்த ஐம்பது வருஷத்துக்கு இது மட்டும் நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை.

அதனால் தம்பியிடம் சொல்லுங்கள்: பெரியவர்கள் 77-ஐப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஊர்ப் பெருமை என்று ஒதுக்கிவிட வேண்டாம், உட்கார்ந்து கேட்கட்டும். "அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டால் முகம் மலர்ந்து சொல்வார்கள். அப்புறம் கொஞ்சம் பழகிய பின், "உங்களுக்குத் தெரிந்து யாராவது வீடு திரும்பவில்லையா?" என்றும் கேட்கட்டும். பதில் மெதுவாகத்தான் வரும், சில சமயம் வராமலும் போகும். வந்தால், அந்த ஊரில் குளிர்காலத்தை எப்படி நடத்த வேண்டும் என்பது எந்தக் கையேட்டையும்விட அதில் தெளிவாக இருக்கும்.

அவர் கார் வைத்திருந்தால் நவம்பருக்குள் பின்பெட்டியில் ஒரு கம்பளிப் போர்வை, சின்ன மண்வாரி, டார்ச், ஃபோன் சார்ஜர், தண்ணீர், கொஞ்சம் கடலை மிட்டாய் மாதிரி கெடாத தின்பண்டம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. பனிப்புயல் எச்சரிக்கை வந்த பிறகு, காலையில் வானம் தெளிவாக இருந்தாலும் கிளம்பக் கூடாது. 77-இலும் காலை சாதாரணமாகத்தான் இருந்தது. வழியில் மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. மணிக்கு ஒரு பத்து நிமிஷம் மட்டும் எஞ்சினை ஓட்டலாம். ஒவ்வொரு முறை ஓட்டும் முன்பும் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தள்ளிவிட்டு, காற்று வராத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். ஆன்டெனாவில் சிவப்புத் துணி ஒன்று கட்டிவிட்டால் தேடி வருகிறவர்கள் கண்ணில் படும்.